நான்காம் ஆண்டைப் பார்த்துச் சேருங்கள்

மெட்ரிக் தேர்வு நெருங்கும் மாதங்களில் டர்பனில் கோவிலானாலும் கல்யாண வீடானாலும் என்னை நிறுத்திக் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "பிள்ளைக்குக் கவுன்சலிங்கில் ஆசை. சைக்காலஜி சேர்க்கலாமா, சோஷியல் வொர்க் சேர்க்கலாமா?" பெரும்பாலும் கேட்பவர் மனதில் பதில் முன்பே இருக்கும். சைக்காலஜி என்றால் கௌரவம். சோஷியல் வொர்க் என்றால் உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற வேலை. டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் பல ஆண்டுகளாகச் சமூகப் பணியாளராக இருக்கும் எனக்கு இந்த எண்ணம் வருத்தம் தருகிறது. இதை நம்பிச் சேர்ந்த நல்ல பிள்ளைகள் மூன்று ஆண்டு கழித்து வழி தெரியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் பி.ஏ. சைக்காலஜி. மூன்று ஆண்டுப் படிப்பு, நல்ல படிப்பும்கூட. ஆனால் அதை மட்டும் முடித்தவர் தென்னாப்பிரிக்காவில் யாருக்கும் உளவியல் ஆலோசகராக உட்கார முடியாது. அந்தத் தொழிலுக்குச் சுகாதாரத் தொழில்களுக்கான கவுன்சிலில் பதிவு வேண்டும், வெறும் பி.ஏ.வுக்கு அந்தப் பதிவு கிடையாது. அடுத்து ஹானர்ஸ் என்கிற ஓராண்டு மேற்படிப்பு. அதற்குப் பிறகு முதுகலை, பன்னிரண்டு மாத இன்டர்ன்ஷிப், கவுன்சிலின் தேர்வு. கிளினிக்கல் சைக்காலஜி என்றால் இன்னும் ஓராண்டு சமூகச் சேவையும் உண்டு. எல்லாம் தடையில்லாமல் நடந்தாலும் ஆறேழு ஆண்டுகள் ஆகும். தடையோ முதுகலை வாசலில்தான் இருக்கிறது. ஒரு பல்கலைக்கழகம் ஒரு பிரிவில் ஆண்டுக்குச் சேர்த்துக்கொள்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஹானர்ஸில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களே வருடா வருடம் விண்ணப்பித்துக் காத்திருக்கிறார்கள்.

இடையில் ஒரு வழி இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. பி.சைக் என்கிற நான்கு ஆண்டுப் பட்டம், அல்லது அதற்கு இணையாக அங்கீகரிக்கப்பட்ட ஹானர்ஸ். அதோடு 720 மணி நேரம் மேற்பார்வையில் வேலை பார்த்துத் தேர்வும் எழுதினால் ரெஜிஸ்டர்ட் கவுன்சலர் ஆகலாம். எல்லா ஹானர்ஸிலும் இந்தக் களப்பயிற்சி இல்லை. சேரும்போதே கேட்டுக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

சமூகப் பணிப் பட்டம் முதல் நாளிலிருந்தே நான்கு ஆண்டு. படிக்கும்போதே மாணவச் சமூகப் பணியாளராகப் பதிவு செய்கிறோம், பட்டம் வாங்கியதும் சமூகச் சேவைத் தொழில்களுக்கான கவுன்சிலில் முழுப் பதிவு. இதற்கான சட்டம் 1978இல் வந்தது. இந்தப் பட்டம் ஹானர்ஸுக்குச் சமமான நிலையில் இருப்பதால் பிறகு முதுகலை படிக்க விரும்பினால் நேராக விண்ணப்பிக்கலாம். அதனால்தான் பெற்றோரிடம் சொல்கிறேன்: முதல் ஆண்டுப் பாடப் பட்டியல் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நான்காம் ஆண்டு முடிந்த மறுநாள் பிள்ளை கையில் எந்தப் பதிவு இருக்கும் என்று பாருங்கள்.

அப்புறம், "சமூகப் பணியில் கவுன்சலிங் எங்கே இருக்கிறது?" என்று கேட்பார்கள். என் வேலையின் பெரும்பகுதியே அதுதான். ஆனால் அது மூடிய அறைக்குள் நடப்பதில்லை. சாட்ஸ்வர்த்தில் ஒரு ஆயாவின் (பாட்டியின்) வீட்டுச் சமையலறையில் நடக்கும். மகள் சுகர்ஸ் போதையில் விழுந்து வீட்டை விட்டுப் போய்விட்டாள், இரண்டு பேரப்பிள்ளைகள் ஆயாவிடம். இப்படிப்பட்ட வீடுகள் இங்கே நிறைய. ஹெராயின் கலந்த அந்தப் பொடி இந்த ஊரில் பரவிய பிறகு எத்தனையோ ஆயாக்கள் இரண்டாம் முறை தாயாகியிருக்கிறார்கள். போனதும் தேநீர் வரும். "சாப்பிட்டியா மா?" என்பார். பேச்சு மின்சாரக் கட்டணத்தில் தொடங்கும், பள்ளிக்கூடத்துக்குப் போகும், மகள் வந்து எடுத்துப்போன பாத்திரம் வரைக்கும் வரும். அழுகை அதற்குப் பிறகுதான். அவசரப்பட்டு, "உங்களுக்கு எப்படி இருக்கிறது ஆயா?" என்று கேட்டால், "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்ற ஒரே வரியோடு கதவு மூடிக்கொள்ளும். எங்கே அமைதியாக இருப்பது, எப்போது கேட்பது என்பதை நான் கற்றது மூன்றாம், நான்காம் ஆண்டுக் களப்பயிற்சியில், மேற்பார்வையாளர் பக்கத்தில் இருக்கும்போது.

அந்த வீட்டிலிருந்து வெளியே வந்ததும் வேலையின் மறுபாதி தொடங்கும். பிள்ளைகளைச் சட்டப்படி ஆயாவின் பொறுப்பில் வைக்க வேண்டுமானால் நான் விசாரித்து அறிக்கை எழுத வேண்டும், குழந்தைகள் நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி அந்த உத்தரவு பொதுவாக இரண்டு ஆண்டுக்குத்தான், நீட்டிக்க மறுபடியும் அறிக்கை. உத்தரவு காலாவதியானால் வளர்ப்புப் பராமரிப்பு உதவித்தொகைக்கும் ஆபத்து. ஆக, என் மேசையில் ஒரு கோப்பு தாமதமானால் ஒரு வீட்டில் அரிசி வாங்குவது தாமதமாகும். "பேப்பர் வேலை எனக்குப் பிடிக்காது, மனிதர்களோடு பேசத்தான் பிடிக்கும்" என்கிற பிள்ளையிடம் இதைச் சொல்லிவிடுவேன். இந்தத் தொழிலில் பேப்பரும் அந்த மனிதர்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கவுன்சலிங் என்றால் ரகசியம் காப்பது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுமி, "யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணுங்கள்" என்று கேட்டால் நாம் சத்தியம் பண்ண முடியாது. குழந்தையை யாரோ உடலளவில் காயப்படுத்துவதாகவோ பாலியல் ரீதியாகத் துன்புறுத்துவதாகவோ நம்பக் காரணம் இருந்தால், அதே குழந்தைகள் சட்டத்தின் 110ஆம் பிரிவு நம்மைப் புகார் செய்யக் கட்டாயப்படுத்துகிறது. உளவியலாளருக்கும் ஆசிரியருக்கும் அந்தக் கடமை உண்டு. ஆனால் புகாருக்குப் பிறகு வீட்டுக்குப் போய் விசாரிப்பது சமூகப் பணியாளர். குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குடும்பத்தின் பெரிய மாமாவாக இருக்கலாம், கோவில் கமிட்டியில் இருப்பவராகவும் இருக்கலாம். நம் சமூகம் சின்னது. எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். அவர் முன்னால் உட்கார்ந்து பேசும் உறுதி வேண்டும். அது பிறவியிலேயே வருவதில்லை, பயிற்சியில் வரும். ஆனால் அந்தப் பயிற்சியை எடுக்க மனம் இருக்க வேண்டும்.

இதை வைத்து நான் உளவியலுக்கு எதிரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கடுமையான மன அழுத்தத்தையோ சிறுவயது அதிர்ச்சியையோ ஒரே மனிதரோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து ஆழமாகப் பார்க்க விரும்புகிற பிள்ளைக்கு அதுதான் பாதை. ஆராய்ச்சியிலும் புள்ளியியலிலும் ஆர்வம் இருந்தால் இன்னும் நல்லது. காத்திருக்கிற பொறுமையும் அதுவரை தாங்குகிற குடும்பமும் வேண்டும், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் பல வீடுகளுக்கு அதுவரை தாங்குகிற வசதி இல்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு, என் கருத்தில், சமூகப் பணிதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும். ஆழமான சிகிச்சை வேலைக்கு அங்கிருந்தும் போகலாம். ஜோகனஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கிளினிக்கல் சமூகப் பணிக்கு முதுகலை இருக்கிறது, சொந்தமாகப் பிராக்டிஸ் நடத்துகிற சமூகப் பணியாளர்களும் உண்டு.

வேலை கிடைக்குமா என்றால், எளிதில்லை. 2007 வாக்கில் அரசு சமூகப் பணி படிக்கும் மாணவர்களுக்கென்று உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. நிறையப் பேர் படித்தார்கள், அதே வேகத்தில் பணியிடங்கள் உருவாகவில்லை. ஆயிரக்கணக்கான பட்டதாரிகள் அரசு வேலைக்குக் காத்திருக்கிறார்கள். தேவை குறைந்ததால் அல்ல, தேவை கண் முன்னே கிடக்கிறது. பட்ஜெட் இல்லை. இது எனக்குக் கோபம் தருகிற விஷயம். இளையவர்களிடம் அரசை மட்டும் நம்பாதீர்கள் என்கிறேன். தொண்டு நிறுவனங்கள், முதியோர் இல்லங்கள், மருத்துவமனைகள், பள்ளிகள் எல்லாம் இருக்கின்றன. சம்பளம் குறைவாக இருக்கும், ஆனால் அனுபவம் பெரியது. நம் முன்னோர் அரசு தரும்வரை காத்திருக்கவில்லை. ஆரியன் பெனவலன்ட் ஹோம் என்கிற ஆதரவற்றோர் இல்லம் 1921இல் தொடங்கியது, டர்பன் இந்தியக் குழந்தைகள் நலச் சங்கம் 1927இல். கரும்புத் தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அப்போது வேறு யார் இருந்தார்கள்?

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தில் 2014இலிருந்து சேருகிற இளங்கலை மாணவர்களுக்கு ஒரு இசிசூலு (சூலு மொழி) பாடம் கட்டாயம். நம் பிள்ளைகள் சிலர் பாஸ் பண்ணினால் போதும் என்று படிக்கிறார்கள். தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். இந்த மாகாணத்தில் நீங்கள் சந்திக்கப்போகும் தாய்மார்களில் பெரும்பாலானோர் சூலு பேசுகிறவர்கள். அவர்கள் துக்கத்தை மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டால் பாதிதான் வந்து சேரும்.

சரி, விண்ணப்பம். இந்த மாகாணப் பல்கலைக்கழகங்களுக்கு மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாகப் போக வேண்டும். பெரும்பாலான படிப்புகளுக்கு வழக்கமாகச் செப்டம்பர் 30 கடைசி நாள். தொலைதூரக் கல்விப் பல்கலைக்கழகமான உனிசாவுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விருப்பங்களை வரிசைப்படுத்தும்போது சமூகப் பணியை "சைக்காலஜி கிடைக்காவிட்டால்" என்று கீழே தள்ளி எழுதாதீர்கள், உண்மையிலேயே வேண்டுமென்றால் மேலே எழுதுங்கள். அதற்கு முன்பு பிள்ளை சில சனிக்கிழமைகள் ஒரு குழந்தைகள் இல்லத்திலோ முதியோர் இல்லத்திலோ உதவப் போகட்டும். குழந்தைகளோடு பழகுகிற இடமென்றால் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் பெயர் இல்லை என்ற சான்று கேட்பார்கள். அது வர நாளாகும், அதனால் இப்போதே விண்ணப்பித்து வையுங்கள்.