இரண்டாவது ஸ்னாப்பருக்கு இடம் உண்டா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணியில் இருக்கிறேன் என்று திருப்பூரில் சொந்தக்காரர்களிடம் சொன்னால், "எத்தனை கோல் போட்ட கண்ணு?" என்று கேட்பார்கள். பந்து என் கையில் ஒரு நொடிகூடத் தங்காது என்பதை விளக்கி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். என் வேலைக்கு லாங் ஸ்னாப்பர் என்று பெயர். குனிந்து நின்று, இரண்டு காலுக்கும் நடுவே பார்த்து, 15 கெஜம் பின்னால் நிற்கும் பண்டரிடம், அதாவது பந்தை எதிரணிப் பக்கம் தூர உதைத்து அனுப்புகிறவரிடம், பந்தைச் சுழற்றி எறிய வேண்டும். ஃபீல்டு கோல் என்றால், அதாவது கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பதென்றால், ஏழெட்டு கெஜத்தில் முட்டி போட்டு, கிக்கர் உதைப்பதற்குப் பந்தைத் தரையில் நிறுத்திப் பிடிக்கும் ஹோல்டரிடம். அவ்வளவுதான். ஒழுங்காகச் செய்கிற வரைக்கும் டிவி வர்ணனையாளருக்குக்கூட என் பெயர் தேவைப்படாது.

இந்த இடத்துக்காக 2025 வசந்தகாலத்தில் நடந்த போட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். பிள்ளைகளை ஹைஸ்கூல் ஃபுட்பாலில் விட்டிருக்கும் நம் ஆட்கள் இப்போது கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். கல்லூரிக்குள் போன பிறகு என்ன நடக்கிறது என்பது கேலரியில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

நான் வாக்-ஆன். அதாவது ஸ்காலர்ஷிப் கிடையாது. ஃபீஸ் அப்பா கட்டுகிறார். மற்றபடி எல்லோரோடும் சேர்ந்து அதே பயிற்சி, அதே அடி. எட்டாம் வகுப்பு முடித்து டெக்சாஸுக்கு வந்தவன் நான். ஓட்டத்தில் சுமார், உயரமும் சுமார். ஹைஸ்கூல் கோச் என்னைக் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, "உனக்கு மணிக்கட்டு நல்லா இருக்கு" என்று சொல்லி ஒரு பந்தையும் ஒரு சுவரையும் காட்டினார். பிறகு நடு மேற்கில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் கிடைத்தது. 2024 செப்டம்பரில் அங்கே நடந்த வாக்-ஆன் தேர்வில் பெயர் கொடுத்து, எறிந்து காட்டி உள்ளே போனேன்.

அந்தத் தேர்வுக்கு முன்னால் உள்ள காகித வேலை பற்றி ஒரு வார்த்தை. முழுநேர மாணவர் என்பதற்கான சான்று, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் தகுதி மையத்தின் ஒப்புதல், இதயப் பரிசோதனை, அதோடு அரிவாள் செல் ரத்தப் பரிசோதனை, அதாவது சிவப்பணுக்களை அரிவாள் போல வளையச் செய்யும் பரம்பரைக் கூறு இருக்கிறதா என்று பார்ப்பது. ரைஸ் பல்கலைக்கழக வீரர் ஒருவர் 2006-ல் பயிற்சியில் மயங்கி விழுந்து இறந்துபோன வழக்குக்குப் பிறகு, முதல் பிரிவுக் கல்லூரிகளில் இது 2010-லிருந்து வழக்கத்துக்கு வந்தது. நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் காணப்படும் அதே மரபுக்கூறுதான். பரிசோதனை முடிவு கைக்கு வருவதற்குள் தேர்வு நாளே தாண்டிப் போய்விடலாம். ஆகவே இதையெல்லாம் கோடையிலேயே முடித்துவிடுங்கள்.

சரி, ஸ்பிரிங் பிராக்டிஸ். சீசன் ஜனவரியோடு முடிந்துவிடும். மார்ச், ஏப்ரலில் என்சிஏஏ விதிப்படி 34 நாட்களுக்குள் 15 பயிற்சிகள் நடத்திக்கொள்ளலாம். முதல் இரண்டில் ஹெல்மெட் மட்டும். அதற்குப் பிறகுதான் தோள் பேட் போன்ற பாதுகாப்புக் கவசங்கள் கட்டுவது. எதிரணி கிடையாது, புள்ளிப் பட்டியல் கிடையாது. நம் ஆளே நம் ஆளை இடித்துத் தள்ளுவார். அப்படியும் யாருக்கும் தூக்கம் வராததற்குக் காரணம் டெப்த் சார்ட். ஒவ்வொரு இடத்துக்கும் முதல் ஆள் யார், இரண்டாவது யார், மூன்றாவது யார் என்ற வரிசை. அது எழுதப்படுவது ஸ்பிரிங்கில்தான். ஆகஸ்டில் பெரும்பாலும் திருத்தம் மட்டும்.

ஆனால் என்னைப் போன்றவனுக்கு அந்த 15 என்பது 15 ஆக இருப்பதில்லை. பயிற்சி நேரம் ஐந்தைந்து நிமிடத் துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொன்று முடியும்போதும் ஹாரன் அடிக்கும். அதில் பண்ட், ஃபீல்டு கோலுக்கு ஒதுக்குவது இரண்டு மூன்று துண்டுகள். முதல் ஸ்னாப்பர் ஆறு ஏழு எறிந்த பிறகு எனக்கு இரண்டு மூன்று வரும். மிச்ச நேரமெல்லாம் நாங்கள் கிக்கர், பண்டரோடு மைதானத்தின் ஓரத்தில் வலையில் எறிந்துகொண்டிருப்போம். அங்கே எத்தனை நன்றாக எறிந்தாலும் அது கணக்கில் சேராது. கேமரா பார்ப்பது அந்த இரண்டு மூன்றைத்தான்.

என்ன பார்ப்பார்கள்? முதலில் நேரம். கையை விட்டதிலிருந்து பண்டர் பிடிக்கும் வரை 0.75 நொடிக்குள் இருக்க வேண்டும். அடுத்தது இடம். பண்டரின் உதைக்கும் கால் பக்கத்து இடுப்பு. அவர் கையை நகர்த்த வேண்டியிருந்தாலே ஒரு கழித்தல். ஃபீல்டு கோலில் கணக்கு இன்னும் பொடியானது. ஸ்னாப், வைப்பது, உதைப்பது மூன்றும் சேர்ந்து 1.3 நொடி. ஹோல்டர் பந்தைத் தரையில் நிறுத்தும்போது அதன் தையல் கோல் கம்பத்தைப் பார்த்து நிற்க வேண்டும். கிக்கர் பக்கம் திரும்பியிருந்தால் ஹோல்டர் சுழற்றிச் சரிசெய்ய வேண்டும், அதற்கு நேரம் இல்லை. பந்து எத்தனை சுற்றுச் சுற்றிப் போய்ச் சேரும் என்பது வேகத்தையும் தூரத்தையும் பொறுத்தது. வேகம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருந்தால், ஹோல்டர் அரையடி முன்னாலோ பின்னாலோ நகர்ந்து தையலைத் தன் கைக்குச் சரியாக வரவைத்துக்கொள்வார். ஒருமுறை வேகமாக, அடுத்த முறை மெதுவாக வந்தால் அவர் எங்கே உட்காருவார்? அதனால் கோச்சுகளுக்கு வேகத்தைவிட ஒரே மாதிரி எறிவதுதான் முக்கியம். மார்ச்சில் மழைத் தூறலில், விரல் விறைத்துப் போயிருக்கும்போதும் அதே மாதிரி வர வேண்டும். இரண்டு முன்கையின் உட்பக்கமும் தொடையில் உரசி உரசித் தோல் கன்றிப் போயிருக்கும். அம்மா வீடியோ காலில் பார்த்துவிட்டு, "என்னடா இது, யாராவது அடிக்கிறாங்களா?" என்றார்.

ஒரு நல்ல செய்தி: கல்லூரி ஆட்டத்தில், உதைக்கும் அணிவகுப்பில் ஸ்னாப்பரை ஸ்னாப் ஆன ஒரு நொடிக்குள் எதிரில் நிற்பவர் இடிக்கக் கூடாது. தலையைக் கவிழ்த்து நிற்பவனை மேலேயிருந்து நசுக்கினால் கழுத்து என்னாவது? இந்த விதி மட்டும் இல்லையென்றால் என் உடம்புக்கு இந்த வேலை கனவிலும் கிடைத்திருக்காது.

எனக்கு முன்னால் இருந்தவர் நான்காம் ஆண்டு மாணவர், ஸ்காலர்ஷிப் உள்ளவர், நிஜமாகவே நல்ல ஸ்னாப்பர். தொழில்முறை அணிகளிலிருந்து ஆட்கள் வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவரை முந்துவது என் திட்டத்தில் இல்லை. இரண்டாவது இடம்தான் குறி. ஜனவரியிலேயே படிப்பில் சேர்ந்துவிட்ட ஒரு புதுப் பையன் போட்டிக்கு இருந்தான். எனக்கும் அவனுக்கும்தான் என்று நினைத்து, அவனுடைய ஒவ்வொரு ஸ்னாப்பையும் மனத்துக்குள் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்துகொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் அந்த வருடத்து வழக்கைச் சொல்லியாக வேண்டும். அதுவரை பெரிய அணிகளில் 85 ஸ்காலர்ஷிப். அதற்கு மேல் வாக்-ஆன்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும். 120-க்கும் மேல் ஆட்கள் இருந்த அணிகள் உண்டு. என்சிஏஏ மீது வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரச ஒப்பந்தம் இதை மாற்றியது. பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், ஸ்காலர்ஷிப்புக்கு உச்சவரம்பு இல்லை, ஆனால் மொத்தமே 105 பேர்தான். வீரர்களுக்குச் சாதகமான ஒப்பந்தம் என்று செய்திகளில் வந்தது. ஸ்காலர்ஷிப் உள்ள வீரர்களுக்கு என்று சேர்த்து எழுதியிருக்கலாம். ஏப்ரல் 7 அன்று கலிபோர்னியாவில் நீதிபதி கிளாடியா வில்கன் முன் இறுதி விசாரணை நடந்தபோது, நாங்கள் ஸ்பிரிங்கின் நடுவில் இருந்தோம். ஒப்பந்தம் அப்போது அமலுக்கே வரவில்லை. ஆனாலும் கோச்சுகள் ஏற்கெனவே 105-ஐ வைத்துத்தான் பேசினார்கள்.

105 என்று ஆனதும் போட்டியின் கணக்கே மாறிவிட்டது. இதை நான் புரிந்துகொண்டது மைதானத்தில் அல்ல, ஒரு மீட்டிங்கில். உதைக்கும் ஆட்டங்களைக் கவனிக்கும் ஸ்பெஷல் டீம் கோச் திரையில் ஒரு பண்ட் வீடியோவை ஓட்டிக்கொண்டிருந்தார். எறிந்தது நானும் இல்லை, அந்தப் பையனும் இல்லை, ஒரு டைட் எண்ட், அதாவது தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்கிற பெரிய உடம்புக்காரர். ஆறடி நான்கு அங்குலம். பந்து பண்டருக்குத் தோள் உயரத்தில் போனது, நேரம் 0.85 இருக்கும். என் அளவுகோலில் அது தேறாது. "பரவாயில்லை, இதை வைத்துச் சமாளிக்கலாம்" என்றார் கோச். பிறகு நிறுத்தாமல் வீடியோவை ஓடவிட்டார். எறிந்த கையோடு அந்த ஆள் கோட்டைத் தாண்டி ஓடிப் போய், பந்தைப் பிடித்தவரைப் பக்கவாட்டில் மடக்கி விழத்தட்டினார். அறையில் எல்லோரும் கத்தினார்கள்.

அப்போதுதான் உறைத்தது. எனக்கு முன்னால் இருப்பவரோ பக்கத்தில் இருப்பவனோ என் போட்டியாளர் இல்லை. என் வேலையை முக்கால்வாசி செய்யத் தெரிந்து, கூடவே இன்னொரு வேலையும் செய்கிறவர்தான் என் இடத்தை எடுக்கப் போகிறவர். கல்யாணத்தில் பந்தியும் பரிமாறத் தெரிந்த போட்டோகிராபர் கிடைத்தால், தனியாகப் பரிமாற ஆள் எதற்கு?

அன்றிலிருந்து நான் செய்ததைச் சொல்கிறேன், இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவலாம். ஸ்கௌட் டீமில், அதாவது எதிரணி போல் நடித்துக் காட்டும் குழுவில், லைன்பேக்கராக, அதாவது தடுப்பு வரிசைக்குப் பின்னால் நின்று மடக்குகிறவராக, நிற்கக் கேட்டேன். அந்த இடத்தில் அடி வாங்க எப்போதுமே ஆள் குறைவு, உடனே சரி என்றார்கள். 300 பவுண்டு ஆட்கள் என் மேல் ஏறிப் போனார்கள். பிறகு பண்டரிடம் கெஞ்சி, மாலையில் ஹோல்டர் வேலை கற்றுக்கொண்டேன். எங்கள் அணியில் பண்டர்தான் ஹோல்டரும். அவருக்கு அடிபட்டால் ஹோல்டரும் சேர்ந்து போய்விடுவார் என்பதை யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. கடைசி வாரத்தில் ஒரு ஸ்கிரிம்மேஜில், அதாவது அணிக்குள்ளேயே ஆடும் ஒத்திகை ஆட்டத்தில், என்னை ஹோல்டராக இறக்கினார்கள். அன்றைக்கு எறிந்தவர் அந்த டைட் எண்ட். தையல் என் பக்கம் தப்பாக வந்தது. கட்டைவிரலால் கால்சுற்றுத் திருப்பி வைத்தேன், பந்து கம்பத்துக்குள் போனது. கோச் தன் அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டார்.

நடுவே இன்னொரு கிளைக்கதை. ஊரில் ஒரு உணவகம் கிக்கர், பண்டர், ஸ்னாப்பர் எல்லோருக்கும் சேர்த்து ஒரு சின்ன விளம்பர ஒப்பந்தம் கொடுத்தது. மாதம் சில நூறு டாலர், சிக்கன் விங்ஸ் இலவசம். அப்பாவுக்கு எச்-1பி விசா, எனக்கு அதைச் சார்ந்த குடும்ப விசாவான எச்-4. வேலை செய்து சம்பாதிக்க அனுமதி கிடையாது. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டேன், கையெழுத்துப் போடாதே என்றார்கள். புகைப்படம் எடுத்த அன்று நான் மட்டும் கேமராவுக்குப் பின்னால் நின்று லைட் பிடித்தேன். விங்ஸ் மட்டும் நண்பர்கள் தட்டிலிருந்து வந்தது. அதை யாரும் வருமானம் என்று சொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஸ்பிரிங்கின் முடிவில் பொதுமக்களுக்காக ஓர் ஆட்டம் நடத்துவது பழைய வழக்கம். ஒஹாயோ ஸ்டேட்டில் 2016-ல் அந்த ஒத்திகை ஆட்டத்தைப் பார்க்க மட்டும் 1,00,189 பேர் வந்தார்கள். 2025-ல் டெக்சாஸ், நெப்ராஸ்கா போன்றவை வழக்கமான ஸ்பிரிங் ஆட்டத்தைக் கைவிட்டன. நன்றாக ஆடும் பையனைப் பார்த்து வேறு அணி கொத்திக்கொண்டு போய்விடும் என்று நெப்ராஸ்கா கோச் மேட் ரூல் வெளிப்படையாகவே சொன்னார். பயம் நியாயமானதுதான். அணி மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் ஏப்ரல் 16 முதல் 25 வரை திறந்திருந்தது. எங்களிடமும் பெரிய ஆட்டம் இல்லை, திறந்தவெளிப் பயிற்சிதான். அந்த வாரம் லாக்கர் அறையில் பெயர்ப்பலகைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. காலையில் கூட உட்கார்ந்து முட்டை சாப்பிட்டவன் மாலையில் போர்ட்டலில் இருந்தான்.

கடைசியாக ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்கள். என் முறை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. "ஸ்னாப்பில் நீதான் இரண்டாவது. உழைப்பையும் பார்த்தோம். ஆனால் 105-ல் இரண்டாவது ஸ்னாப்பருக்கு இடம் ஒதுக்க முடியாது." அந்தப் புதுப் பையனைப் பற்றி நான் கேட்கவில்லை, அவனும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அப்பாவிடம் போனில் சொன்னேன். "சரி விடு, செமஸ்டர் பரீட்சை எப்போ?" என்றார்.

அதே வாரம், ஏப்ரல் 23 அன்று, இந்த 105 வரம்பை இப்படியே ஏற்க முடியாது, ஏற்கெனவே அணியில் இருப்பவர்களுக்கு ஒரு வழி செய்யுங்கள் என்று நீதிபதி சொல்லிவிட்டார். பிறகு திருத்திக் கொண்டுவந்ததற்கு ஜூன் 6 அன்று ஒப்புதல் கிடைத்தது. வரம்பினால் இடம் இழந்தவர்களின் பட்டியலைப் பல்கலைக்கழகங்கள் கொடுக்க வேண்டும், அதில் இருப்பவர்கள் எந்த அணியில் ஆடினாலும் 105-ல் சேர மாட்டார்கள் என்று ஏற்பாடு. கவனியுங்கள், திரும்ப எடுத்தே ஆக வேண்டும் என்று அதில் இல்லை. எடுத்தால் கணக்கில் வராது, அவ்வளவுதான். பல பேருக்குப் பழைய அணியிலிருந்து அழைப்பே வரவில்லை.

எனக்கு ஜூலையில் வந்தது. ஸ்னாப்பர் என்று கூப்பிடவில்லை. "ஸ்கௌட் டீம் லைன்பேக்கர், மாற்று ஹோல்டர், தேவைப்பட்டால் ஸ்னாப்" என்று வரிசைப்படுத்திச் சொன்னார் கோச். சம்மதம் என்றேன். என் செலவில் மவுத்கார்டு வாங்கிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டேன், அதை அணியே தரும் என்றார்.