மீட்டர் 5 வோல்ட்தான் காட்டியது

என் கையால் செத்த முதல் கணினி பழுதுக்கே வரவில்லை. கீபோர்டில் நாலைந்து எழுத்து விழவில்லை, சுத்தம் செய்து கொடுத்தால் போதும் என்றுதான் கொண்டுவந்தார்கள். எண்பதுகளில் வந்த 8-பிட் வீட்டுக் கணினி. கூடவே செங்கல் கனத்தில் அதன் பவர் சப்ளை. சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆனாலும் நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு பிளக்கைச் சொருகவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தேன். 5.1 வோல்ட். திருப்தியாகச் சொருகினேன். கீபோர்டு சரியானது. இருபது நிமிடம் கழித்துத் திரையில் எழுத்துகள் கன்னாபின்னாவென்று சிதறின, பிறகு ஒரே கறுப்பு. மூடியைத் திறந்து ரேம் ஐசிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டேன். மூன்றில் விரல் நிற்கவில்லை.

பக்கத்து மேசையில் இருந்த சீனியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "லோடு போட்டுப் பாத்தியா தம்பி?"

"மீட்டர்ல அஞ்சு காட்டுச்சுண்ணே."

"வண்டியில பூட்டாத வரைக்கும் எல்லா மாடும் நல்ல மாடுதான்."

அன்று மாலை அந்த சப்ளையின் 5 வோல்ட் முனைகளுக்கு நடுவே கணினிக்குப் பதிலாகக் கரண்ட் இழுக்கும் லோடாக 4.7 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்றை வைத்தோம். சுமார் ஓர் ஆம்பியர் இழுக்கும். முதல் பத்து நிமிடம் 5.1-ஐ விட்டு அசையவில்லை. நான் எழுந்து கைகழுவப் போகலாமா என்று பார்த்தேன். பதினைந்தாவது நிமிடம் 5.3. அதன் பிறகு கடைசி இலக்கம் ஓயாமல் ஏற ஆரம்பித்தது, 5.6, 5.9. இருபத்தைந்து நிமிடத்தில் 6.4. பெட்டியைத் தொட்டால் சுட்டது. சூடு ஏற ஏறத்தான், வோல்ட்டேஜை ஒரே அளவில் பிடித்து வைக்க உள்ளே இருந்த ரெகுலேட்டர் பிடியை விட்டிருக்கிறது. அந்தக் காலத்து டிடிஎல் வகை லாஜிக் ஐசிகளுக்கு 4.75 முதல் 5.25 வோல்ட் வரைதான் கணக்கு. 7 வோல்ட்டைத் தாண்டினால் பிழைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. ரெகுலேட்டர் முழுசாக ஷார்ட் ஆகிவிட்டால் அதற்கு முன்னால் நிற்கும் மொத்த வோல்ட்டேஜும் நேராக ரேமுக்குப் போய்விடும்.

1982-இல் வந்த கமடோர் 64 என்ற வீட்டுக் கணினியின் பழைய சப்ளைகளுக்கு இந்த விஷயத்தில் கெட்ட பெயர் உண்டு. உள்ளே எபாக்சி பிசின் ஊற்றி நிரப்பியிருப்பார்கள். சூடு வெளியேற வழியில்லை; திறந்து பழுது பார்க்கவும் வழியில்லை. அந்த 5 வோல்ட், போர்டில் எந்தத் தடுப்பும் இல்லாமல் ரேம் வரை போகிறது. அதே சப்ளையில் 9 வோல்ட் ஏசி ஒன்றும் வருகிறது. பழைய போர்டுகளில் வீடியோ ஐசிக்கு வேண்டியது அதிலிருந்துதான் உருவாகிறது. அதனால் அந்த வழியில் இருக்கும் சின்ன ஃபியூஸ் போனால் பவர் எல்இடி எரியும், திரை மட்டும் கறுப்பாக இருக்கும். ஃபியூஸைப் பார்க்காமல் வீடியோ ஐசியைக் கழற்றியவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பட்டியலில் நானும் உண்டு.

லோடு இல்லாத அளவு எப்போதும் நல்ல முகத்தைத்தான் காட்டும் என்றும் சொல்ல முடியாது. அதே காலத்து இன்னொரு வீட்டுக் கணினியான இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்தின் 9 வோல்ட் அடாப்டரைத் தனியாக அளந்தால் 12, 13 என்று காட்டிப் பயமுறுத்தும். அது கோளாறு இல்லை. ரெகுலேட்டர் இல்லாத சப்ளை அப்படித்தான். 5 வோல்ட்டாகக் குறைக்கும் 7805 என்ற ரெகுலேட்டர் ஐசி கணினிக்குள்ளேயே இருக்கிறது. அங்கே கவனிக்க வேண்டியது அடாப்டர் பிளக்கின் துருவம். நடுப்பகுதி மைனஸ். இன்றைக்குக் கையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுப்பகுதி ப்ளஸ். உருவம் பொருந்துகிறதே என்று சொருகினால் தீர்ந்தது.

ஸ்பெக்ட்ரத்துக்குள் இன்னொரு வம்பும் உண்டு. அதன் கீழ் 16கே ரேம் 4116 வகை. அதற்கு 5 வோல்ட் மட்டும் போதாது, 12-உம் மைனஸ் 5-உம் வேண்டும். இவற்றைத் தயாரிக்கும் சின்ன கன்வெர்ட்டரில் டிஆர்4 என்ற டிரான்சிஸ்டர் அடிக்கடி போகும். புதிதாக ஒன்றை வைத்து ஆன் செய்தால் அதுவும் போகும். ஒரு ரேம் ஐசி உள்ளே ஷார்ட் ஆகி அதை இழுத்துக் கொன்றுகொண்டிருக்கும். மைனஸ் 5 நின்றுபோனால் மற்ற ரேம்களும் கூடவே போகலாம். ஆகவே இப்போதெல்லாம் டிரான்சிஸ்டரை மாற்றுவதற்கு முன் 12 வோல்ட் பாதைக்கும் தரைக்கும் நடுவே ஓம் அளந்துவிடுகிறேன்.

மெயின்ஸை வேகமாக ஆன்-ஆஃப் செய்து வோல்ட்டேஜைக் குறைக்கும் ஸ்விட்ச் மோட் சப்ளைகள் வேறு ரகம். பிபிசி மைக்ரோ, ஆப்பிள் டூ கணினிகளில் பெரும்பாலும் அதுதான். மெயின்ஸ் நுழையும் இடத்தில், இரைச்சலை வடிகட்ட, தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி ஒரு பேப்பர் கெப்பாசிட்டர் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். மேலே மயிரிழை விரிசல்கள் ஓடியிருக்கும். விரிசல் வழியாக ஈரம் உள்ளே போய், வருடக்கணக்கில் தூங்கிய மெஷினை ஆன் செய்த சில நிமிடத்தில் 'பட்' என்று வெடித்துப் புகை கக்கும். நாற்றம் இரண்டு நாளைக்கு அறையை விட்டுப் போகாது. வேடிக்கை என்னவென்றால், புகை ஓடி முடிந்த பிறகும் கணினி பெரும்பாலும் வேலை செய்யும். மாற்றும்போது, மெயின்ஸுக்குக் குறுக்கே வைப்பதற்கென்றே செய்த எக்ஸ்2 வகைதான் வைக்க வேண்டும். 400 வோல்ட் என்று எழுதியிருக்கிறதே என்று சாதாரணமானதை வைக்கக் கூடாது. 230 வோல்ட் மெயின்ஸ் உள்ள இடத்தில் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். அதை ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிட்டு, மீட்டரில் பூஜ்ஜியம் பார்த்த பிறகுதான் கை வைப்பேன். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் அடிக்கும் வீரம் எனக்கு இல்லை.

பொறுமையைச் சோதிப்பது காய்ந்துபோன எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்தான். வீங்கியிருக்காது, கசிந்திருக்காது. டிசி அளவு 4.95, லோடிலும் அப்படியே. மெஷின் மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உறையும். ஒரு முறை இப்படி ரேம், ரோம், ப்ராசஸர் என்று மூன்று நாள் மாற்றி மாற்றிப் பார்த்தேன். நாலாம் நாள், வோல்ட்டேஜைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பை வைத்தால், நேர்க்கோடாக இருக்க வேண்டிய 5 வோல்ட் ரம்பப் பல் மாதிரி அரை வோல்ட் ஏறி இறங்குகிறது. மீட்டர் அதன் சராசரியைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. கெப்பாசிட்டரைக் கழற்றி அதன் உள்தடையை, அதாவது ஈஎஸ்ஆரை, அளந்தபோது ஓம் கணக்கில் இருந்தது; புதிதில் அதன் சின்னப் பங்குகூட இருந்திருக்காது.

போன மாதம் எபாக்சி நிரப்பிய சப்ளையோடு ஒரு மெஷின் வந்தது. புது சப்ளை செய்து கொடுத்தேன். பழையதையும் திருப்பிக் கேட்டார் சொந்தக்காரர்.

"ஒரிஜினல் சார் அது. சும்மா ஷோவுக்கு வச்சுக்கறேன்."

மறுக்க மனம் வரவில்லை. இரண்டு பக்கமும் பிளக்கை வெட்டிவிட்டுக் கொடுத்தேன். வயர் நுனியையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.