ஊன்றுகோல் எந்தக் கையில்? இடுப்பு மூட்டு மாற்றத்துக்குப் பின் நடை பழகிய கதை

குலசேகரத்தை அடுத்த எங்கள் ஊரில் வீடுகள் பெரும்பாலும் சாலையைவிட மேட்டில், ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கும். கல்படி ஏறாமல் எந்த வீட்டுக்கும் போக முடியாது. அப்படிப்பட்ட ஊரில் வாழும் எனக்கு, தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது நசிந்துபோகும் நோய் வலது இடுப்பில் வந்தது. நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். அறுவையைப் பற்றி அல்ல, அதற்குப் பிறகு மறுபடி நடக்கப் பழகிய மாதங்களைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள் நான். ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போடும் ‘திருப்புத்திறன்’, அதாவது விசையையும் சுழலும் புள்ளியிலிருந்து அதற்குள்ள செங்குத்துத் தொலைவையும் பெருக்கினால் வருவது, இந்த மாதங்களில் எனக்கு இடப்பட்ட ஏறக்குறைய எல்லாக் கட்டளைகளுக்கும் காரணமாக இருந்ததைக் கண்டேன்.

வாக்கரைப் பிடித்து நடந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கைத்தடிக்கு மாறிய அன்றுதான் விஷயம் சுவையானது. அம்மா தடியை எடுத்து என் வலது கையில் தந்தார். பிசியோதெரபிஸ்ட் அதை வாங்கி இடது கைக்கு மாற்றினார். “மக்களே, நோவுள்ள பக்கமில்லியா ஊணணும்?” என்று அம்மா கேட்டார். “இல்லம்மா, எதிர்ப்பக்கம்தான். டீச்சருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினா புரியும்” என்று சொல்லி, என் மருந்துச் சீட்டின் பின்புறத்தில் ஓர் இடுப்பெலும்பை வரைந்தார்.

அந்தக் கணக்கை அப்படியே தருகிறேன். என் எடை 60 கிலோ. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் சிறிது நேரம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். அப்போது ஊன்றிய காலை விட்டுவிட்டு மீதி உடல், சுமார் 50 கிலோ, அந்த இடுப்பு மூட்டின் மேல் நிற்கிறது. அந்த எடையின் ஈர்ப்பு மையமோ மூட்டுக்கு நேர் மேலே இல்லை; உடலின் நடுப்பக்கமாக ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. எனவே இடுப்பெலும்பு மறுபக்கமாகச் சாயப் பார்க்கும். சாயவிடாமல் இழுத்துப் பிடிப்பது இடுப்பின் வெளிப்பக்கத்தில் உள்ள தசைகள். அவை மூட்டிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் பிடித்திருக்கின்றன. தூரம் பாதி என்றால் விசை இரண்டு மடங்காக வேண்டும்: 100 கிலோ. மேலிருந்து எடை 50, தசையின் இழுப்பு 100, ஆக மூட்டின் மேல் 150 கிலோ. வெறுமனே ஒற்றைக் காலில் நிற்பதற்கே மூட்டு உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு தாங்குகிறது.

இப்போது இடது கையில் தடி. வலது இடுப்பு மூட்டிலிருந்து அந்தக் கை ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. தடியில் 5 கிலோ அளவுக்கு மட்டும் ஊன்றினால் போதும். 5 முறை 40, அதாவது 200. எடையின் திருப்புத்திறன் 500-இல் (50 முறை 10) இது கழிந்துவிட, தசை சமாளிக்க வேண்டியது 300 மட்டுமே. 100 கிலோ இழுக்க வேண்டிய தசை 60 கிலோ இழுத்தால் போதும். மூட்டின் மேல் வருவது 105 கிலோ. ஒரு சிறு பை அரிசியின் எடையளவு ஊன்றியதற்கு 45 கிலோ குறைகிறது! அதே தடியை வலது கையில் பிடித்தால், தரை தடியை மேல்நோக்கித் தள்ளும் விசை இடுப்பெலும்பை ஏற்கெனவே சாய்கிற பக்கமாகவே இன்னும் திருப்பும். அதனால்தான் நோவுள்ள பக்கம் தடி ஊன்றுகிறவர்கள் உடம்பையே அந்தப் பக்கம் சாய்த்து நடக்கிறார்கள்.

இது தோராயக் கணக்குதான். தூரங்கள் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் ஜெர்மன் எலும்பு மருத்துவர் பாவெல்ஸ் 1935-இல் இந்த வழியில்தான் இடுப்பின் சுமையைக் கணக்கிட்டார். 1960-களில் இங்கிலாந்தில் செயற்கை இடுப்பு மூட்டை நிலைநாட்டிய ஜான் சார்ன்லி, தொடை எலும்பின் பந்துபோன்ற தலை உட்காரும் கிண்ணத்தை உடலின் நடுப்பக்கமாகச் சற்று உள்ளே தள்ளிப் பொருத்தினார். உடல் எடையின் தூரம் குறையட்டும் என்பதே காரணம். தசைகள் வெளிச்சுமையைவிடப் பல மடங்கு இழுக்கின்றன என்பதை 17-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியரான பொரெல்லி கணக்கிட்டுக் காட்டியிருந்தார். சிந்தித்துப் பார்க்கையில் எனக்குப் பெரும் மரியாதை உண்டாகிறது.

மருத்துவர் விதித்த தடைகளுக்கும் இதே நெம்புகோல்தான் அடிப்படை. இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உள்நோக்கித் திருப்பக் கூடாது என்றார். அளவு மீறி மடங்கினால் செயற்கை மூட்டில் பந்துக்குக் கீழுள்ள கழுத்து கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கும். இடித்த இடமே ஆதாரப்புள்ளியாகி, பந்தை மறுபுறமாக நெம்பி வெளியே தள்ளிவிடும். இதைக் கேட்ட பிறகு தரையில் உட்கார எனக்கு ஆசையே வரவில்லை. தாழ்வான நாற்காலிகளை அண்ணன் மாடிக்கு ஏற்றிவிட்டான். கழிப்பறையில் உயரம் கூட்டும் இருக்கை வைத்தோம்.

படி ஏறுவதற்கு ஒரு சூத்திரம் தந்தார்கள்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுள்ள கால் முதலில். ஏறுகையில் மேல்படியில் வைத்த கால்தான் முழு உடலையும் தூக்குகிறது. இறங்குகையில் மேல்படியிலேயே நிற்கும் கால் முட்டியை மெல்ல மடக்கி உடலைத் தாழ இறக்கிவிடுகிறது. இரண்டிலும் கடினமான வேலை நல்ல காலுக்குப் போக வேண்டும். எங்கள் கல்படி ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம் இருக்கும். மழையில் பாசி பிடிக்கும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. தடியின் அடியில் உள்ள ரப்பர் குமிழ் தேய்ந்து வழவழப்பானால் உடனே மாற்றுங்கள். உராய்வு போனால் மேலே சொன்ன கணக்கெல்லாம் போயிற்று.

என்னை மிகவும் களைக்கச் செய்தது தசைப் பயிற்சி. முதலில் மல்லாந்து படுத்துக் காலை மெத்தையின் மேல் பக்கவாட்டில் நகர்த்தச் சொன்னார்கள். பிறகு நின்றபடி காலை விரித்தல். கடைசியில்தான் ஒருக்களித்துப் படுத்துக் காலை மேலே தூக்குவது. ஏன் இந்த வரிசை என்று நானே கணக்கிட்டேன். ஒரு கால் உடல் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, எனக்குப் பத்து கிலோ. ஒருக்களித்துத் தூக்கும்போது அந்த எடையின் மையம் இடுப்பிலிருந்து 35 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது. 5 சென்டிமீட்டரில் இருக்கும் தசை ஏறத்தாழ 70 கிலோ இழுக்க வேண்டும். முட்டியை மடக்கினால் மையம் உடலுக்கு அருகே வந்து சுமை குறைகிறது. கால் நடுங்கிய நாட்களில் முட்டியை மடக்கியே செய்தேன். பிசியோதெரபிஸ்ட் அதற்கு ஒப்புக்கொண்டார்.

நடையைச் சரிபார்க்க இரண்டு வழிகள் உதவின. சாதாரண நடையில் ஒரு பாதம் தரையைத் தொட்டு மறுபடி தொடும் வரையிலான நேரத்தில் அது ஏறத்தாழ 60 சதவீதம் தரையிலும் 40 சதவீதம் காற்றிலும் இருக்கும். நோவுள்ள காலை அவசரமாக எடுத்தால் அந்த விகிதம் குலைகிறது, செருப்பின் ஓசையிலேயே கேட்கலாம். இன்னொன்று, அண்ணன் மகளைப் பின்னாலிருந்து கைபேசியில் படம் எடுக்கச் சொல்வது. வலது காலில் நிற்கும்போது இடது இடுப்பு கீழே இறங்குகிறதா என்பதே கவனிக்க வேண்டியது. 1895-இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் ட்ரெண்டலன்பர்க் விவரித்த அடையாளம் அதுதான். இடுப்பு மட்டமாக நின்ற பிறகே தடியை விடச் சொன்னார்கள், நானும் விட்டேன். சந்தைக்குப் போனால் பையை வலது கையில்தான் தூக்குகிறேன். அந்தப் பக்கத்து எடை, உடல் எடைக்கு எதிர்த்திசையில் திருப்பி, தசைக்கு உதவுகிறது.

முட்டம் கடற்கரைக்குப் போவதைத் தள்ளிப்போட்டேன். பொதபொதவென்ற மணலில் நடக்க, கெட்டித் தரையைப்போல் இரு மடங்குக்கும் மேலான ஆற்றல் செலவாகும். இப்போது போகும்போது அலை நனைத்த இறுகிய மணலில்தான் நடக்கிறேன். அந்த மணல் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் கடல் பக்கத்துக் கால் எப்போதும் சற்றுத் தாழ்வில் ஊன்றும்; ஆகவே போன தூரமே அதே வழியில் திரும்பி வருகிறேன்.