கடலுக்கு அடியில் நாலு நிமிடம்

இஸ்தான்புல்லில் உஸ்குதார் நிலையத்தில் ரயில் ஏறி உட்கார்ந்தேன். எதிரே ஒரு பாட்டி எள் தூவிய சிமித் ரொட்டியைப் பிய்த்துப் பேரனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். அவன் பாதி ரொட்டியை முடிப்பதற்குள் சிர்கெசி வந்துவிட்டது. ஆசியாவில் ஏறியவன் ஐரோப்பாவில் நிற்கிறேன். நடுவில் இருந்த பாஸ்பரஸ் நீரிணை கண்ணிலேயே படவில்லை. கடல்மட்டத்துக்குச் சுமார் 60 மீட்டர் கீழே குழாய்க்குள் போனால் எப்படித் தெரியும்? கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மர்மராய் என்ற இந்தப் பாதைக்கு ஜப்பான் கடன் கொடுத்தது. யெனிகாபியில் நிலையத்துக்குத் தோண்டப்போய், பைசாந்திய (கிழக்கு ரோமப்) பேரரசுக் காலத்துத் துறைமுகமே கிளம்பியது, பழைய கப்பல்களோடு. வேலை வருடக்கணக்கில் இழுத்து, 2013 அக்டோபர் 29 அன்றுதான் திறந்தார்கள்.

ரயில்வே சரக்குப் பிரிவில் காலம் தள்ளியவன் நான். எனக்கு இதைவிட ருசியான சங்கதி 2019 நவம்பரில் நடந்தது. சீனாவின் சியானில் புறப்பட்ட சரக்கு, கஜகஸ்தான், காஸ்பியன் கடல், அஜர்பைஜான், ஜார்ஜியா எல்லாம் தாண்டி, இதே சுரங்கம் வழியாக செக் நாட்டின் பிராக் போனது. சீனாவிலும் துருக்கியிலும் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள அகலம் 1435 மில்லிமீட்டர். நடுவில் உள்ள நாடுகளில் 1520. வித்தியாசம் ஒரு கையகலம்தான். அதற்காக எல்லையில் கன்டெய்னர்களைத் தூக்கி வேறு வண்டியில் வைக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு நாட்டுச் சுங்கத்துக்கும் தாள்கள். சுரங்கம் போடுவதைவிட அந்தத் தாள்களை ஒத்துப்போக வைப்பதுதான் பெரும்பாடு என்பேன்.

திரும்பும்போது படகில் வந்தேன். நேரம் கூடத்தான் ஆனது. ஆனாலும் கடலைப் பார்க்க வேண்டாமா?