பழைய ஸ்பீக்கருக்குப் புதுக் கெபாசிட்டர்

முப்பது வருஷப் பழைய ஸ்பீக்கரில் ட்வீட்டர் (உயர்ந்த ஸ்வரங்களைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) மங்கலாகக் கேட்கிறது என்றால் ட்வீட்டரைக் குறை சொல்வதற்கு முன் கிராஸோவர் போர்டை, அதாவது சத்தத்தை உயர்ந்தது தாழ்ந்தது என்று பிரித்து அனுப்பும் சர்க்யூட்டை, கழற்றிப் பாருங்கள். அதில் இருப்பது பெரும்பாலும் துருவமில்லாத (ப்ளஸ் மைனஸ் பக்கம் இல்லாத) எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர், உள்ளே இருக்கும் திரவம் வருஷக் கணக்கில் காய்ந்து போக, மதிப்பு விலகி, உள் மின்தடையும் ஏறியிருக்கும்.

மாற்றும்போது மைக்ரோஃபாரட் அளவு (கெபாசிட்டரின் மதிப்பு) அதேதான் இருக்க வேண்டும். வோல்ட் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, குறையக் கூடாது. 5.7 மைக்ரோஃபாரட் கிடைக்கவில்லையா, 4.7-ஐயும் 1-ஐயும் பேரலலில் போடுங்கள், சரியாக வந்துவிடும். பவர் சப்ளையில் வரும் ப்ளஸ் மைனஸ் குறித்த வகையை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள், இங்கே ஓடுவது ஏசி, திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்.

நான் ட்வீட்டர் வரிசையில் பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் கெபாசிட்டர் போட்டேன், உள்ளே திரவத்துக்குப் பதில் பிளாஸ்டிக் படலம், அது காய்ந்து போகாது. ஆனால் முதல் நாள் சத்தம் கொஞ்சம் கூர்மையாக இருந்தது, காரணம் பழைய எலக்ட்ரோலிடிக் புதிதாக இருந்தபோதே அதற்கென்று சிறிய மின்தடை உண்டு, வடிவமைத்தவர் அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருப்பார். தொடரில் அரை ஓம் ரெசிஸ்டர் ஒன்று சேர்த்ததும் பழைய குரல் திரும்பி வந்தது, அவ்வளவு சந்தோஷம்!

வூஃபர் (தாழ்ந்த ஸ்வரங்களைத் தரும் பெரிய ஸ்பீக்கர்) பக்கத்துப் பெரிய மதிப்புகளுக்குப் புது எலக்ட்ரோலிடிக்கே போதும். அப்புறம், இரண்டு ஸ்பீக்கரிலும் சேர்த்தே மாற்றுங்கள்.