பெரிசெல்லாம் பழுத்ததில்லை

நாமக்கல் பக்கம் இருந்தவரை என் வேலை சுலபம். “மாடு விடியக்காலையிலிருந்து கத்துது சார்” என்று போன் வரும். காலையில் கத்தினால் சாயங்காலம் சினை ஊசி. மாடே நேரம் சொல்லிவிடும்.

அமீரகத்தில் அல் ஐன் பக்கம் ஒட்டகப் பண்ணைக்கு வந்த முதல் குளிர்காலத்தில் அந்தப் பழக்கமே என்னைக் கவிழ்த்தது. பசு 21 நாளைக்கு ஒருமுறை தானாக முட்டை விடும். ஒட்டகம் விடாது. ஆண் சேர்ந்து, அதன் விந்திலிருக்கும் ஒரு புரதம் மூளைக்குத் தகவல் சொன்ன பிறகு, ஒன்றிரண்டு நாளில்தான் முட்டை வெளிவரும். ஆண் இல்லாமலே அந்தத் தகவலைச் சொல்வதுதான் பியூசரெலின் ஊசி. ரத்த நாளத்தில் 20 மைக்ரோகிராம், அவ்வளவுதான்.

ஸ்கேனில் முட்டைக் கொப்புளம் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் தெரிந்தது. குஷியாக ஊசியைப் போட்டேன். நாலு நாள் கழித்துப் பார்த்தால் உடையாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பெரிசாக இருக்கிறதே என்று முற்றல் கத்திரிக்காய் வாங்கி வந்த கதை. ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கும்போது போட்டால்தான் பலன். மருந்தைவிட ஸ்கேன் பார்க்கும் கண்தான் முக்கியம் என்பேன்.

இவ்வளவு பாடு எதற்கு? சினைக்காலமே பதின்மூன்று மாதம். பந்தயத்தில் ஓடுகிற பெண் ஒட்டகத்தை அத்தனை நாள் கட்டிப்போட எந்த முதலாளியும் சம்மதிக்க மாட்டார். அதனால் அதற்கு முட்டையை வளர்க்கும் ஹார்மோனான எஃப்.எஸ்.எச். ஊசி போட்டுப் பல முட்டைகளை வளரவிட்டு, ஆணோடு சேர்த்து, எட்டாம் நாள் வாக்கில் கருப்பையைக் கழுவிக் கருக்களை எடுக்கிறோம். ஜவ்வரிசியைவிடச் சின்னது. வாடகைத் தாய்க்கு, ஆண் சேர்ந்த நாளுக்கு ஒரு நாள் பிந்தி பியூசரெலின் போட்டுத் தயாராக வைத்திருப்போம். ஒட்டகத்துக்குக் கரு தங்குவது ஏறக்குறைய எப்போதும் கருப்பையின் இடது கிளையில், அதாவது இடது கொம்பில்தான்!

கரு வைத்துப் பத்து நாள் ஆனதும் மறுபடி ஸ்கேன். போன வாரம் நான் மிஷினை எடுப்பதற்குள், எங்கள் சூடான்காரப் பெரியவர் ஆண் ஒட்டகத்தை வேலியோரம் நடத்திக்கொண்டு வந்தார். அது கடைவாயில் தன் மெல்லண்ணத்தைச் சிவப்புப் பலூன் மாதிரி தொங்கவிட்டுக் களகளவென்று சத்தம் போட்டது. வாடகைத் தாய்கள் ஆறில் நாலு, வாலைச் சுருட்டி விறைப்பாகத் தூக்கின. சினை நின்றது ஆணைக் கண்டால் அப்படித்தான் வாலைத் தூக்கும். சினை நிற்காததற்குச் சினையைத் தாங்கும் ஹார்மோன் இதற்குள் இறங்கியிருக்கும், வால் எழும்பாது.

“துக்தூர், நாலு” என்றார்.

ஸ்கேன் பார்த்தேன். நாலுதான்.