ஜன்னல் பக்கத்துக் கட்டில்

6.1.2025
தம்பிக்குக் காசநோய் மாத்திரை ஆரம்பித்தாயிற்று. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதே என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அப்படியும் தம்பி பாத்ரூமிலிருந்து "அக்கா!" என்று கத்தினான்.

7.1
அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டாள். இருமல் சத்தம் தெருவுக்குக் கேட்கிறதாம். நான் திறந்தேன். மறுபடி சாத்தினாள்.

10.1
காசநோயாளிகளை வீடு தேடிப் பார்க்கும் டிபி மேடம் வந்தார். வண்டியை இரண்டு வீடு தள்ளி நிறுத்திவிட்டு, விருந்தாளி மாதிரி நடந்து வந்தார். அம்மாவுக்காகத்தான். மாத்திரை அட்டையை வாங்கி, காலியான குழிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். அப்புறம் நேரே போய் ஜன்னல் கொக்கியை எடுத்துவிட்டார். "காத்து வரட்டும்மா."

தூக்கம் வரவில்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோ பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1887-ல் ராபர்ட் பிலிப் என்ற டாக்டர் அங்கே காசநோய்க்கென்றே ஒரு சின்ன மருந்தகம் திறந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ராபர்ட் கோஹ் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்து ஐந்தே வருடம். மருந்தகத்திலிருந்து நர்ஸ் நோயாளியின் வீட்டுக்கே போவார். ஒரு அறையில் எத்தனை பேர், நோயாளி எங்கே படுக்கிறார், காற்று வருகிறதா, எல்லாம் பார்ப்பார். வீட்டில் இருக்கும் மற்றவர்களையும் வரவழைத்துப் பரிசோதிப்பார்கள். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் மற்ற ஊர்களுக்கும் இந்த முறை பரவியது. ஆனால் மருந்து? ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்க 1943 ஆயிற்று. பால், முட்டை, காற்று, ஓய்வு. சொல்வதற்கு இவ்வளவுதான் இருந்தது. இதை வைத்துக்கொண்டு எத்தனை மாடி ஏறியிருப்பார்கள் அந்த நர்ஸுகள். கதவைத் தட்டிவிட்டு என்ன சொல்லி உள்ளே போயிருப்பார்கள்?

14.1
பொங்கல். யாரும் வரவில்லை.

20.1
அம்மாவுக்கும் எனக்கும் எக்ஸ்ரே. ஒன்றுமில்லை.

28.1
"பேரை கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்களே, நாளைக்கு இவனுக்கு யாருடி பொண்ணு கொடுப்பா?" என்றாள் அம்மா. கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது.

நியூயார்க்கில் 1897-ல் ஹெர்மன் பிக்ஸ் என்ற சுகாதார அதிகாரி, நோயாளியின் பெயரைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று கொண்டுவந்தபோது டாக்டர்களே சண்டைக்கு வந்தார்கள். பெயர் வெளியே தெரிந்தால் நோயாளியின் கதி என்ன என்று அங்கேயும் கேட்டிருக்கிறார்கள். அம்மாவை மட்டும் என்ன சொல்ல? ஆனால் பெயர் பதிந்திருப்பதால்தானே மேடம் படியேறி வருகிறார். சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வருவதும் அந்தப் பெயருக்குத்தான். முட்டையும் வேர்க்கடலையும் வாங்கினேன்.

ஜன்னல் சாத்தியிருக்கிறது.

3.2
ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறான்!!

10.2
தம்பியின் பட்டறையில் "ஆறு மாசம் போகட்டும், பாக்கலாம்" என்றார்களாம். போனை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சாப்பிடவில்லை.

பேப்வொர்த் என்ற ஊரின் கதையைச் சொன்னேன். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் வட்டாரத்தில் காசநோய் அதிகாரியாக இருந்த வேரியர்-ஜோன்ஸ் 1918-ல் அங்கே ஒரு கிராமத்தையே உருவாக்கத் தொடங்கினார். சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தேறியவன் பழைய வீட்டுக்கும் பழைய வேலைக்கும் போனால் மறுபடி விழுந்துவிடுகிறான் என்பது அவர் கவலை. அதனால் அங்கேயே தச்சுப் பட்டறை, பயணப்பெட்டி செய்யும் பட்டறை. உடம்பு தாங்குகிற அளவுக்கு வேலை, அதற்குக் கூலி, குடும்பமும் கூடவே இருக்கலாம்.

சுவரைப் பார்த்தபடியே கேட்டான்: "பெட்டியா? என்ன மரத்துல?"

ஒரு மாதமாக அவன் எதைப் பற்றியும் கேட்கவில்லை. எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் பார்க்க வேண்டும்.

18.2
குமட்டல். மாத்திரையைத் துப்பிவிட்டான். மேடத்துக்குப் போன் போட்டேன்.

24.2
தாம்பரத்தில் சேர்த்துவிடலாம் என்கிறாள் அம்மா. 1928-ல் டாக்டர் சௌரி முத்து அங்கே சானடோரியம் தொடங்கிய காலத்தில் என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அப்புறம் 1956-ல் இதே சென்னையில் ஆய்வு தொடங்கி, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலேயே அதே அளவுக்குக் குணமாகிறது, வீட்டில் இருப்பவர்களுக்கும் கூடுதல் ஆபத்து இல்லை என்று காட்டிவிட்டார்கள். அம்மாவிடம் சொன்னேன். "சென்னைலயா?" என்றாள். வேறு ஒன்றும் பேசவில்லை.

4.3
சளி கொடுத்தாயிற்று. இரண்டு டப்பா.

5.3
ரிசல்ட் வரவில்லை.

6.3
மேடம் போன் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். தம்பி கட்டில்மேல் ஏறி நின்று ஜன்னல் கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறான்.